அறிவிக்கப்பட்ட விலை

நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தொன்பது. மொத்தப் பணிக்காலம் இரண்டு வருஷம் ஏழு மாதம். சால்வை, மாலை, கைக்கடிகாரம் எதுவும் கிடையாது. கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்கின் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா பஞ்சாலைக்குத் தினக்கூலியாகப் போகிறார், அம்மா தளவாய்புரத்தில் நைட்டிக்குப் பித்தான் கட்டுகிறாள், இருவரும் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டில் முதலில் படித்தவனும் நான், முதலில் ஓய்வு பெற்றவனும் நான்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். போன மாதம் சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஏதோ ஓர் எத்தனால் ஆலைக்கு மக்காச்சோளம் வாங்க வந்த புதுக் கள அலுவலர்கள். "அண்ணே, இந்த லைன்ல நீங்கதான் சீனியராம்ல. கொஞ்சம் அனுபவத்தச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். சீனியர் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த மயக்கத்தில் அவர்களுடைய ஜெராக்ஸுக்குக் காசு வாங்க மறந்தேன். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேதியியல் பட்டம் வாங்கிச் சும்மா இருந்த நாளில் எனக்கும் ஓர் எத்தனால் ஆலையில் அதே கள அலுவலர் வேலை கிடைத்தது. பயிற்சி பதினைந்து நாள். அதில் பத்து நாள் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர நினைவில் ஒன்றுமில்லை. வேலை எங்கே என்று அம்மா கேட்டாள். எத்தனாலுக்குச் சுத்தத் தமிழில் எரிசாராயம் என்று பெயர், அதை விளக்கினேன். அவள் பித்தானைக் கீழே வைத்துவிட்டாள். "இம்புட்டுப் படிச்சிட்டுக் கடைசில சாராயக் கம்பெனிக்கா போற?"

வேலை இதுதான். மக்காச்சோளத்தை அரைத்து, புளிக்கவைத்து, வடித்தால் எத்தனால். அதைப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு கலக்கிறார்கள். கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருப்பது கொஞ்சம் குறையும், விவசாயிக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பது திட்டம். நல்ல திட்டம் என்று நானும் நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். ஆனால் அதன் கழுத்தில் ஒரு கயிறு உண்டு. எத்தனாலை ஆலை என்ன விலைக்கு விற்கவேண்டும் என்பது மேலே முடிவாகிறது. எதில் எடுத்த எத்தனாலோ, அதற்குத் தக்க விலை. அந்த விலைக்குள் அடங்கும்படிதான் ஆலை சோளம் வாங்க முடியும். மேலே உத்தரவில் ஒரு வரி மாறினால், இங்கே களத்தில் காயும் குவியலின் விலை மாறும். இதைப் பதினைந்து நாளும் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொண்டேன். புரிந்துகொள்வது தனி வேலை என்று அப்போது தெரியாது.

எனக்குக் கைவந்தது ஈரப்பதம் பார்ப்பது. குத்தூசியை மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தி முத்துகளை எடுக்கவேண்டும். தட்டில் பரப்பி, கலந்து, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிராக இரண்டு கூறை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளவேண்டும். வெயிலில் கிடந்த முத்தைச் சூட்டோடு அளந்தால் கணக்குத் தப்பும். அதனால் செத்த நேரம் நிழலில் ஆறவிடவேண்டும். பிறகு மீட்டரின் கிண்ணத்தில் நிரப்பி, மூடியைத் திருகி, மூன்று தடவை பார்த்துச் சராசரியாக ஒரு எண். பதினாலுக்கு மேல் போனால் விலையில் கழிவு.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் கேலி. அவர்கள் ஒரு முத்தைக் கடைவாயில் போட்டு நறுக்கென்று கடிப்பார்கள். "பதினாலு" என்பார்கள். நான் கால்மணி நேரம் சடங்கு செய்துவிட்டு நிமிர்ந்து, "பதினாலு" என்பேன். "அந்த மிசினுக்கு எத்தன பல்லு தம்பி?" என்று ஒருவர் கேட்டார். நான் கொஞ்சமும் சிரிக்காமல் மீட்டர் இயங்கும் விதத்தை விளக்கினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

என் மேலதிகாரி பொன்னுசாமி சார் கொங்கு நாட்டுக்காரர். குரலை உயர்த்தமாட்டார். வெந்நீர்தான் குடிப்பார். அவர் கோபத்தை 'ங்க' கொண்டுதான் அளக்கவேண்டும். "ஏனுங்க வேல்முருகன், லோடு வந்துருச்சுங்களா" என்றால் சாதாரணம். "ஏனுங்க, வேல்முருகனுங்க, லோடு இன்னும் வரலீங்களாங்க" என்றால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. எந்தக் காகிதத்தையும் அவர் படிக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் கம்பெனிச் சின்னம் நேராக இருக்கிறதா, அடுத்து போன் நம்பர் சரியா, கடைசியில் கையெழுத்து. நடுவில் இருப்பதை எழுதினவன் பார்த்துக்கொள்வான் என்ற பெருந்தன்மை.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன ஆடி மாதம், விதைப்புக்கு முன்னால், தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு துண்டறிக்கை வந்தது. தமிழாக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கவேண்டும். "நீங்கதானுங்க படிச்சவரு, போட்டுருங்க" என்றார் சார். எங்கள் கிட்டங்கியில் 'படிச்சவர்' என்ற சொல் என்னை நோக்கி வந்தது அன்றுதான். எனக்கு உயரம் ஓர் அங்குலம் கூடிவிட்டது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால்வாசி முடித்துவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் நின்றது. குவிண்டாலுக்கு இன்ன தொகை என்று போட்டு, அதற்கு முன்னால் இண்டிகேட்டிவ் பிரைஸ் என்று இருந்தது. அகராதியைப் பார்த்தேன். சுட்டிக்காட்டுகிற, தெரிவிக்கிற என்று போட்டிருந்தது. சுட்டிக்காட்டப்பட்ட விலை என்று எழுதிப் பார்த்தேன். விலை ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. தெரிவிக்கப்பட்ட விலை சப்பென்று இருந்தது. கடைசியில் 'அறிவிக்கப்பட்ட விலை' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தேன். கம்பீரமாக இருந்தது.

அது உத்தேச விலை. அம்புட்டுத்தான் அர்த்தம். உத்தேசம் என்பது எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரிந்த சொல். குழம்புக்கு உப்பு உத்தேசமாகத்தான் போடுவாள். ஆனால் ஆங்கிலத்தில் வந்த ஒரு சொல்லுக்கு அம்மாவுக்குத் தெரிந்த சொல் எப்படிப் பொருந்தும் என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், இது தெரியாமலா இத்தனை வருஷம் படித்தாய் என்று ஆகிவிடுமே.

ராஜபாளையத்து அச்சகக்காரர் மட்டும் கேட்டார். கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டிக்கொண்டே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தம்பி, அறிவிக்கப்பட்டன்னு போட்டா சர்க்காரு அறிவிச்ச மாதிரி ஆயிருமே?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்பஞ் சரி. இங்கிலீஷ்ல இருந்தா நான் என்னத்தச் சொல்ல" என்று திரும்பிக்கொண்டார். மாதிரித் தாளில் சார் சின்னத்தைப் பார்த்தார், போன் நம்பரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மகாராஜபுரத்தில் சமுதாயக்கூடத்தில் கூட்டம். அந்த ஊரில் ஒருவர் போட்ட பயிரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுவார்கள். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பியவர், பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். எட்டு ஏக்கர். அவர் மனைவி சுப்புலட்சுமி அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கரும்பலகையில் மூலக்கூறு வரைய ஆரம்பித்ததும் கொட்டாவி விட்டாள்.

"தம்பி, கோழிக்குப் போடுத சோளத்த வண்டிக்கு ஊத்துனா, கோழி என்னத்தத் திங்கும்? ஒன் பைக்கையா?"

கூட்டம் சிரித்தது. கேள்வியோ சரியான கேள்வி. நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அப்போது அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடித்தது போக மிஞ்சுகிற சக்கை கோழித்தீவனத்துக்குப் போகும், அதில் புரதம் அதிகம் என்று சொன்னேன். "சக்க கோழிக்கு, சாறு வண்டிக்கு. நமக்கு?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு விலை அக்கா" என்று துண்டறிக்கையை உயர்த்திக் காட்டினேன். அப்படி உயர்த்தும்போது ஒரு கட்சித் தலைவர் மாதிரி இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பட்டாளத்தார் அதை வாங்கி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "அறிவிக்கப்பட்ட விலை. யாரு அறிவிச்சது?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. "மேலருந்து, அண்ணாச்சி" என்றேன்.

அவருக்கு அது போதும். மேலிருந்து வந்தால் அது ஆர்டர். சுப்புலட்சுமி அக்கா மட்டும், "பாதிக்காவது பருத்தி போடுவம்ங்க" என்றாள். "ஆர்டர்ல பாதி கீதியெல்லாம் கெடையாது" என்றார் அவர். துண்டறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். அந்தப் புரட்டாசியில் எட்டு ஏக்கரும் மக்காச்சோளம். அவரைப் பார்த்து இன்னும் இருபது குடும்பம். எல்லார் பெயரையும் எங்கள் நோட்டில் பதிந்துகொண்டு, நான் பெருமையாக வண்டியை எடுத்தேன்.

படைப்புழு வந்தது, மருந்தடித்தார்கள். காட்டுப்பன்றி வந்தது, முறை போட்டுக் காவல் காத்தார்கள். கதிர் நன்றாகவே பிடித்தது. தை பிறந்து அடித்துக் குவித்தபோது, மேலே அந்த ஒரு வரி மாறியது. அரசுக் கிட்டங்கிகளில் அரிசி நிரம்பி வழிந்ததால், ஆலைகள் அதைச் சலுகை விலைக்கு எடுத்து எத்தனால் வடிக்கலாம் என்றானது. அரிசி மலிவாகக் கிடைக்கும்போது ஆலைக்காரன் சோளத்துக்கு ஏன் அதிகம் கொடுப்பான்? எங்கள் ஆலை விலையை இறக்கியது. அடுத்த வாரம் இன்னும் இறக்கியது. கோழித்தீவன வியாபாரிகளும் அதைப் பார்த்து இறக்கினார்கள். யாருடைய தப்பும் இல்லை, எல்லாம் பொருளாதாரம். என் தப்பு ஒரு சொல் மட்டும்தான். ஆனால் அது இருபத்தொரு குடும்பத்தின் கையில் அச்சாகி இருந்தது.

பொன்னுசாமி சார் கூப்பிட்டார். மேஜைமேல் வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

"ஏனுங்க, வேல்முருகனுங்க. அந்த நோட்டீஸ்ல அறிவிக்கப்பட்டன்னு இருக்குதாமுங்களே."

"ஆமா சார்."

"ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்கங்க. அது அச்சுப்பிழைன்னு ஊருல சொல்லிப்போட்டு வந்துருங்க. உத்தேசம்னு இருக்கோணும், பிரஸ்காரரு மாத்திப்போட்டாருன்னு. உங்களுக்கும் நல்லதுங்க, எனக்கும் நல்லதுங்க."

அதில் சூது ஒன்றும் இல்லை. அவருக்குப் பெண் கல்லூரியில் படிக்கிறாள், மாதிரித் தாளில் அவர் கையெழுத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான். இரண்டு பேரையும் காப்பாற்ற ஒரு அச்சகக்காரர் போதும்.

ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வழியாக மகாராஜபுரம் போகிறவரைக்கும் அந்த வாக்கியத்தை வண்டியில் ஒத்திகை பார்த்தேன். மேற்கு மலையில் மேகம் இறங்கியிருந்தது. பட்டாளத்தார் களத்தில் குவியலைப் படுதாவால் மூடி, ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"வாங்க தம்பி. லாரி என்னைக்கு வருது? மழ வேற வாரமாதிரி இருக்கு."

"அண்ணாச்சி, அந்த நோட்டீஸ்ல அச்சு…" என்றேன்.

"என்ன, வண்டி அச்சு முறிஞ்சிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. அச்சுப்பிழை. உத்தேச விலைன்னு இருக்கணும்."

பட்டாளத்தார் வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரை வாசித்தார்.

"இவரா? எம் மக கல்யாணப் பத்திரிக இவர்தான் அடிச்சாரு. சம்பந்தி வீட்டு உறவுமொறைய நாங்களே தப்பா எழுதிக் குடுத்தத அவருதான் கண்டுபிடிச்சுக் கேட்டாரு. அவரா மாத்தி அடிச்சாரு?" செல்போனை எடுத்தார். "இருங்க, கேட்டுருவோம்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. அச்சகக்காரர் போனை எடுத்து, 'இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்குன்னு தம்பிதானே சொல்லுச்சு' என்று ஒலிபெருக்கியில் சொல்வாரே, அதைக் கேட்பதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம் என்று பட்டது.

"அவர் மாத்தல. நான்தான் எழுதுனேன். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியல."

பின்னால் ஒருவர், "ஏலே, வெளங்காதவனே" என்று தெளிவாகச் சொன்னார். சுப்புலட்சுமி அக்கா முன்னால் வந்தாள்.

"தெரியாட்டி தெரிஞ்சவுகட்ட கேக்கவேண்டியதுதான?"

"கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா."

"வெக்கமா? நீ வெக்கப்பட்டதுக்கு எட்டு ஏக்கர் நானா கள பறிச்சேன்?"

பட்டாளத்தார் அவளைக் கையமர்த்தினார். திட்டவில்லை. ஒரு பேனாவை நீட்டினார்.

"சொன்னத எழுதுங்க. மொதல்ல நாளு, எடம். பொறவு பேரு, தகப்பனார் பேரு. ஒரு வரில ஒரு விசயம்தான் இருக்கணும்."

எழுதினேன். சொல்லைத் தமிழாக்கியது நான். அச்சகத்தார் கேட்டும் மாற்ற மறுத்தது நான். மேலாளர் கையெழுத்திட்ட மாதிரிப்படியே அச்சடிக்கப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன். பட்டாளத்தார் அதை வாங்கி வாசித்தார். "இதுல ஒரு வார்த்தகூடப் புரியாம இல்ல. இப்பம் எழுத வருதுல்லா" என்றார்.

மறுநாள் காலையில் இருபத்தொரு பேர் கிட்டங்கி வாசலுக்கு வந்தார்கள். கூச்சல் இல்லை. பட்டாளத்தார் அவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். ஆளுக்கொரு துண்டறிக்கை, என் வாக்குமூலத்தின் நகல், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துக்கு எழுதிய மனு. மனு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதை மட்டும் அவர் சாரிடம் அமைதியாகச் சொன்னார். சார் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் பேச்சு நடந்தது. நடுவில் ஒரு நாள் தூறல். ஊரே படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்க முகமில்லை. கடைசியில் தலைமை அலுவலகம் இறங்கி வந்தது. துண்டறிக்கை கொடுத்துப் பெயர் பதிந்த சோளத்தை மட்டும் அதில் போட்ட விலைக்கே எடுப்பார்கள். அதற்குப் பிறகு இந்தக் கிட்டங்கியை மூடிவிடுவார்கள். மொழிபெயர்த்தவர் கடைசி லோடு ஏற்றி அனுப்பியதும் ராஜினாமா கொடுப்பார்.

சாருக்கு இடமாற்றம். கிளம்புகிறபோது எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமுங்களே."

"தப்புதான் சார். உங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கும் தெரியாதுங்க. ரெண்டு பேருமாப் போயி யாருகிட்டயாச்சும் கேட்டிருப்போமுங்க."

மாசி மாதம் கடைசி லாரி மகாராஜபுரத்துக் களத்தில் நின்றது. பட்டாளத்தார் வீட்டு மூட்டைகளை நானே குத்தி, ஆறவிட்டு, மூன்று தடவை அளந்து, தாளில் குறித்தேன். யாரும் பல்லைப் பற்றிக் கேலி பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லாரி கிளம்பியதும் என் மீட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சுப்புலட்சுமி அக்கா சிந்திக் கிடந்த முத்துகளைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏ தம்பி, இந்த அரிசிக் கதையெல்லாம் அடுத்த வருசமும் இருக்குமா? வரும் புரட்டாசிக்கு என்ன போடலாம்? சோளமா, பருத்தியா?"

என்னிடம் இன்னும் யோசனை கேட்கிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் பழைய பேச்சுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கலப்பு இலக்கு, கச்சா எண்ணெய், தேவை கூடும், விலை ஏறும். எல்லாம் உண்மைதான். மேலே அடுத்து எந்த வரி மாறும் என்பது மட்டும் அவற்றில் எதிலும் இல்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் துடைப்பத்தை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தாள்.

"ஏங்க, கேட்டீகளா? தம்பி தெரியாதுங்கான். அப்பம் நாலு ஏக்கர் சோளம், நாலு ஏக்கர் பருத்தி."

உள்ளேயிருந்து, "சரி" என்றார் பட்டாளத்தார்.